தாய்மாமன் சீரும் ஒத்தைக் கிட்டாரும்

பதினோரு வருடம் மேடையில் கிட்டார் வாசித்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் என் வாசிப்பைப் பற்றி என் காதில் விழுந்த விமர்சனம் ஒன்றே ஒன்றுதான். கட்டுமாவடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடைக்குக் கீழே பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகச் சொன்னாள்: "இந்தாடி, அந்தப் பொண்ணும் கிட்டாரு வச்சிருக்கு பாரேன். ஆனா வாசிக்கல. முன்னாடி நிக்கிறவருதான் வாசிக்கிறாரு. இது சும்மா பின்னாடி நின்னு சொறிஞ்சிக்கிட்டு இருக்கு."

பக்கத்தவள் சிரித்தாள். எனக்கு அருகில் ரிதம் பேடு என்னும் மின்சாரத் தாளப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதைவிட அதிகமாகச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த பாட்டை இன்னும் வேகமாகச் சொறிந்தேன். வேறென்ன செய்ய? அவள் சொன்னதில் பொய் இல்லையே.

முன்னாடி நின்றவர் என் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் மெல்லிசைக் குழுவில் அப்போது இரண்டு கிட்டார். அண்ணன் லீடு, நான் ரிதம். பாட்டுக்கு இடையில் வரும் இசையை ஜனங்கள் 'டொய்ங் டொய்ங்' என்று வாயாலேயே பாடிக் காட்டுவார்கள் இல்லையா, அதை வாசிப்பது லீடு. பாடுகிறவருக்கும் லீடு வாசிக்கிறவருக்கும் அடியில், தாளம் தப்பாமல் கார்டு பிடித்து, அதாவது மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிட்டு, தாங்கிக்கொண்டே இருப்பது ரிதம். லீடு இல்லாவிட்டால் மண்டபத்துக்கே தெரியும். ரிதம் இல்லாவிட்டால் பாட்டு என்னவோ இளைத்துப்போனதுபோல் இருக்கும். ஏன் இளைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பாகப்பிரிவினை எங்கள் வீட்டிலேயே நடந்து முடிந்திருந்தது. குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்த ஒரே கிட்டாரை மாற்றி மாற்றி வாங்கித்தான் அண்ணனும் நானும் கற்றுக்கொண்டோம். இரண்டாவது கிட்டார் வீட்டுக்கு வந்த அன்றே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "லீடு அவன் வாசிக்கட்டும். நீ ரிதம் புடிச்சிக்க. பொம்பளப் புள்ளைக்கு அது போதும்." அப்பாவுக்கு லீடும் தெரியாது, ரிதமும் தெரியாது. எது முன்னால் நிற்கும், எது பின்னால் நிற்கும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயாடி என்று பெயர் எடுத்த நான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே கோபம் வருகிறது.

பிழைப்புக்கு நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன், புதுக்கோட்டையில். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்களிடம் ரத்தம் எடுப்பது என் வேலை. கிட்டார் கம்பி அழுத்தி அழுத்தி என் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போய், தொட்டால் நரம்பு தட்டுப்படாது. வலது கை விரலால் தடவிப் பார்த்துத்தான் ஊசி போடுவேன். "என்னம்மா, வெரலெல்லாம் இம்புட்டுக் காய்ச்சுப் போயிருக்கு? வயல் வேலையா?" என்று கேட்பார்கள். "இல்லங்க, கிட்டாரு வேல" என்பேன். கேட்டவர் உடனே தன் கையைப் பார்ப்பார், இவளிடம் நீட்டலாமா என்று.

போன ஆனி மாதம் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை வந்தது. சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தோம். அண்ணன் விமானம் ஏறிய மூன்றாம் நாள் எங்கள் குழுத் தலைவர் என்னையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கீபோர்டு வாசிப்பவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டால், செய்ததுதான்.

"இங்க பாரும்மா," என்றார். "ரெண்டு கிட்டாருன்னா ஒண்ணு பாடும், ஒண்ணு தாங்கும். ஒத்தக் கிட்டாரு பாடுறப்ப தாங்க ஆளு இருக்காது, தாங்குறப்ப பாட ஆளு இருக்காது. நான் கீபோர்டுலயே கிட்டாரு டோனைப் போட்டு முடிச்சுக்கிறேன். கிட்டாரை இதோட நிப்பாட்டிக்கிருவோம். ஒன் வீட்டுக்காரரு வழக்கம்போல வரட்டும்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முதலில் மூக்குதான் சிவக்கும்.

"நான் ரெண்டையும் வாசிக்கிறேன் மாஸ்டர்."

"எதையெதை?"

"லீடும் ரிதமும். ஒரே கிட்டாருல."

மாஸ்டர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "சோத்தப் பெசையிற கையாலேயே கடுதாசியும் எழுதுவேங்கிற. சரி, ஆடி முடியட்டும். ஆவணில பொன்னமராவதி மண்டபத்துல ஒரு காதுகுத்து இருக்கு. தாய்மாமன் வீடு பெரிய கை. அன்னிக்கு வந்து வாசி. கேக்க நல்லா இருந்தா இரு. இல்லாட்டி மனசுல ஒண்ணும் வச்சுக்காம எறங்கிரணும், ஆமா."

"எறங்கச் சொன்னா எறங்கிருவேன் மாஸ்டர். ஆனா நீங்க சொல்ல மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது. ஒரே கிட்டாரில் இரண்டையும் எப்படி வாசிப்பது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. மேடையை விட்டு இறங்குவது என்றால் என்ன என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. காலையில் ஊசி, மாலையில் சமையல், அவ்வளவுதான் மிச்சம். அந்தப் பட்டுச்சேலைக்காரி சொன்னதே என்னைப் பற்றிய கடைசி வார்த்தையாகிவிடும்.

"வாயி நீளமாத்தான் இருக்கு," என்றார் வீட்டுக்காரர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "கை அம்புட்டு நீளமா இருக்கான்னு ஆவணில பாத்துருவோம்."

ஆடி மாதம் விசேஷங்கள் இல்லாத மாதம். எங்கள் தொழிலில் எல்லோரும் அந்த மாதத்தைத் திட்டுவார்கள். நான் அந்த வருடம்தான் முதல்முறையாக ஆடியைக் கும்பிட்டேன். வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பி, சாப்பிட்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கிட்டாரும் கையுமாக உட்கார்ந்தேன். எதிரே ஸ்டூலில் பேடை வைத்துக்கொண்டு அவர் தட்டுவார்.

முதல் இரண்டு வாரம் கண்றாவி. கார்டு பிடித்துத் தாளமாக அடித்துக்கொண்டே வருவேன். லீடு வரவேண்டிய இடம் வந்ததும் கார்டைக் கைவிட்டுவிட்டுக் கிட்டாரின் கழுத்தில் கீழே, சன்னமான சத்தம் வரும் இடத்துக்குப் பாய்வேன். அண்ணன் அங்கேதான் வாசிப்பார். நான்கு சுரம் வாசித்துவிட்டு மறுபடி மேலே ஓடி வந்து கார்டைப் பிடிப்பேன். வாசிக்கும்போது பிரமாதமாக இருப்பதுபோல் தோன்றும். போனில் பதிவு செய்து, மறுநாள் காலை பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டால் அழுகை வரும். லீடு தொடங்கும் இடத்தில் எல்லாம் பாட்டுக்கு அடியிலிருந்த பலகையை யாரோ உருவிவிட்டதுபோல் தொப்பென்று ஒரு பள்ளம். கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருநாள், "வீட்டுல எதும் பிரச்சனையா தாயீ?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, பெரிய பிரச்சனை" என்றேன்.

தப்பு எங்கே என்று பிடித்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு மதியம் தட்டிக்கொண்டிருந்த குச்சியைக் கீழே போட்டார்.

"லீடுக்குப் போறப்பல்லாம் என்னைய அம்போன்னு விட்டுட்டுப் போயிர்ற. திரும்பி வாரப்ப, கெளம்புற பஸ்ஸுல ஓடியாந்து தொத்துற மாதிரி வந்து தொத்துற. எதுக்கு அம்புட்டு தூரம் போற? ஒங்கண்ணன் போவாரு, ஏன்னா இங்கிட்டு நீ இருந்த. இப்ப இங்கிட்டு யாரு இருக்கா? போகாத. இருக்கிற எடத்துலயே இருந்து வாசி."

"இருக்கிற எடத்துல கார்டுதான் இருக்கு. லீடு எங்க இருக்கு?"

"அது எனக்கென்ன தெரியும்? நான் பேடு தட்டுறவன்."

கோபத்தில் அவரை எழுந்து போகச் சொன்னேன். அவரும் டீ குடிக்கப் போய்விட்டார். நான் கார்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். விரல்கள் இருந்த இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சும்மா இருந்த சுண்டுவிரலால் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டேன். மேல் கம்பியில் ஒரு சுரம் வந்தது. எடுத்தேன், இன்னொன்று. மோதிர விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் மூன்றாவது. பாட்டின் முதல் வரியில் பாதி, கார்டுக்கு உள்ளேயே இருந்தது! பதினோரு வருடமாக என் கைக்கடியில்தான் கிடந்திருக்கிறது. அண்ணன் தூரத்தில் போய் வாசித்ததைப் பார்த்துப் பார்த்து, லீடு என்றால் அங்கேதான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே அடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு வேலை வேறாகிவிட்டது. ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தால்தான் ரிதம் என்று நம்பியிருந்தவள், அடிக் கம்பிகள் இரண்டே போதும் என்று கண்டுகொண்டேன். மீதிக் கம்பிகள் பாட்டுக்கு. வலது கை மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக்கூடாது. ஒரே ஒரு சுரம் வாசிக்கும்போதும் அது மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கவேண்டும். சுரம் இல்லாத இடத்தில் அமுக்கிய கம்பிகளில் பட்டு 'சக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'சக்'தான் தாளத்தைத் தாங்குகிறது. அடியில் இரண்டு, 'சக்', மேலே பாட்டு. பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் சின்னதாக ஒரு பதில். உடனே மறுபடி அடியில். லீடு வாசிக்கும்போது சத்தம் தூக்கலாகத் தெரிய, வலது சுண்டுவிரலால் கிட்டாரின் வால்யூம் குமிழை ஒரு திருகு. முடிந்ததும் பழையபடி குறைக்க இன்னொரு திருகு.

சொல்ல எளிது. என் இடது சுண்டுவிரல் அதுவரை டீ கிளாஸ் பிடிக்கும்போது நீட்டிக்கொண்டு நிற்பதற்கு மட்டும்தான் பயன்பட்டது. அதைப் பாடவைக்க நான் பட்ட பாடு எனக்கும் அதற்கும்தான் தெரியும். ஆடி கடைசி வாரம் பஸ்ஸில் பதிவைக் கேட்டபோது பள்ளம் இல்லை. மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம், "நீங்க சொன்னது சரிதாங்க" என்றேன். "என்ன சொன்னேன்?" என்றார். மனுஷனுக்கு ஞாபகமே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போனில் பேசும்போது விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டையும் ஒரே ஆளு வாசிக்க முடியாது. பேசாம விட்டுரு, மேடையில போயி அசிங்கப்படாத" என்றார். அக்கறையில்தான் சொன்னார். நான் அடுத்த பத்து நாள் அவர் போனை எடுக்கவில்லை.

பொன்னமராவதி மண்டபத்தில் காலை பத்து மணிக்கே மேடை ஏறிவிட்டோம். பாடுகிறவருக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். குரல் மேலே ஏறாது என்றார். "சுருதிய ரெண்டு எறக்கிருவோம்" என்று மாஸ்டர் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். மாஸ்டருக்கு 'சி' என்கிற ஸ்கேலில்தான், அதாவது சுருதியில்தான், கை வசதி. விரல் சியிலேயே இருக்கும், பொத்தானை அழுத்தி அழுத்திச் சத்தத்தை மட்டும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோவார். அந்தப் பொத்தான் கிட்டாரில் கிடையாது. கீபோர்டு எங்கே போகிறதோ, அங்கே கிட்டார்தான் ஓடவேண்டும். எங்கள் மேடையில் அது எழுதாத சட்டம். அன்று போன இடம் சிக்கு இரண்டு படி கீழே, பி ஃப்ளாட். கிட்டாருக்கு அது முரட்டு ஸ்கேல். எந்தக் கம்பியையும் சும்மா விட்டு அடிக்க முடியாது, இடது கைக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. நான் ஒரு மாதமாகப் பழகியது வேறு ஸ்கேலில். மனதுக்குள் பாடுகிறவரின் ஜலதோஷத்தைத் திட்டிக்கொண்டே ஆரம்பித்தேன்.

அதையாவது சமாளித்தேன். மாஸ்டர் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. என் லீடு வரும் இடத்தில் எல்லாம் அவரும் கீபோர்டில் கிட்டார் டோனைப் போட்டு, அதே இசையை என் தலைமேல் வாசித்தார். அவர் பெட்டிக்குச் சத்தம் அதிகம். நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. ஒரு மாத உழைப்பு, எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. பாட்டு முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

"மாஸ்டர், நீங்க வாசிச்சா நான் எதுக்கு?"

"நீ தவற விட்டுட்டீன்னா? பெரிய எடத்து விசேஷம்மா. நான் ஒரு தைரியத்துக்கு வாசிக்கிறேன். நீ பாட்டுக்கு வாசி."

இப்படியே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. என் பரீட்சை, பேப்பரை யாரும் திருத்தாமலே முடியப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் தெருமுனையில் தாய்மாமன் சீர் வந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்தது. எங்கள் பக்கத்துக் காதுகுத்தில் அதுதான் உச்சம். காது குத்திக்கொள்ளும் பிள்ளைகளின் தாய்மாமன், தன் பங்காளிகளோடு தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் கொண்டு வருவார். மண்டப வாசல் வரை அவர்கள் மேளம். வாசலில் மேளம் நின்றதும் மேடையில் நாங்கள் வரவேற்புப் பாட்டைப் பிடிக்கவேண்டும். பாடுகிறவர் இரண்டு வரி பாடிவிட்டு, வருகிறவர்களின் உறவைச் சொல்லி வருக வருக என்று அழைக்கப் போய்விடுவார். கடைசித் தட்டு உள்ளே வந்து மாமன் மேடை ஏறும்வரை இசை நிற்கக்கூடாது. நின்றால் மரியாதைக் குறைவு. முன்பு ஒரு மண்டபத்தில் இடையில் நின்றுவிட்டது. மாமன் சீர்த்தட்டுகளோடு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சமாதானம் பேசி உள்ளே அழைப்பதற்குள் சாம்பார் ஆறிப்போய்விட்டது.

மேளம் வாசலுக்கு வந்தது. முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய மாமன், பின்னால் ஐம்பது அறுபது பெண்கள் தலைக்குத் தலை தாம்பாளம், அதற்கும் பின்னால் மாலை போட்ட கிடாய். மேளம் நின்றது. நாங்கள் ஆரம்பித்தோம். பாடுகிறவர் இரண்டு வரி முடித்தார். பட்டென்று கரண்ட் போனது.

விளக்கு, மின்விசிறி, மைக், கீபோர்டு, என் கிட்டாரைச் சத்தமாக்கும் ஆம்ப் பெட்டி, எல்லாம் செத்துப்போனது. மாமன் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். எங்கள் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை நல்ல பார்வை இல்லை. "என்னய்யா இது?" என்று பின்னாலிருந்து ஒரு பங்காளியின் குரல். மண்டபத்துக்காரர் ஜெனரேட்டருக்கு ஓடினார்.

ஜெனரேட்டர் உறுமியது. என் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாஸ்டரின் கீபோர்டும் உயிர் பெற்றது, ஆனால் அது பெரிய மனுஷி. திரையில் முதலில் வணக்கம் சொல்லும், பிறகு கோடு கோடாக ஓடும், பிறகு பென்டிரைவைத் தேடும். மாஸ்டர் அதன்மேல் குனிந்து கிடந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வால்யூம் குமிழை முழுசாகத் திருகிவிட்டு அடித்தேன்.

அடியில் இரண்டு, 'சக்', மேலே பாட்டு. முதல் சுற்று நான் தனியாகத்தான் போனேன். பயமாக இருந்தது, கை நிற்கவில்லை. இரண்டாவது சுற்றில் வீட்டுக்காரரின் பேடு விழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. மாமன் தூக்கிய காலை உள்ளே வைத்தார். பாடுகிறவர் மைக்கைப் பிடித்து, "சீர் கொண்டு வந்திருக்கும் தாய்மாமன் அவர்களே, வருக வருக!" என்றார். அந்த 'வருக வருக'வுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் மேல் கம்பியில் ஒரு இழை இழுத்துவிட்டேன். வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு அடித்த விசில்! அடுத்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் நீளமாக இழுத்தேன். தட்டுக்காரப் பெண்கள் குலவை போட்டார்கள். குலவைக்கும் பதில் வாசித்தேன். பல்லவி தீர்ந்தது, சரணத்துக்குப் போனேன். சரணமும் தீர்ந்தது, இன்னும் முப்பது தட்டு வாசலுக்கு வெளியே. அதற்குமேல் நானாகவே வாசித்தேன். யாரும் எழுதாத, அண்ணன் வாசிக்காத லீடு. கீழே தாளம் ஒரு இடத்திலும் விழவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது. உள்ளங்கால் வரை சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கிடாய் உள்ளே நுழைந்த நேரம், மாஸ்டரின் கீபோர்டு தயாராகிவிட்டது. அவர் அவசரமாக இரண்டு கையையும் வைத்து முழுச் சத்தத்தில் உள்ளே நுழைந்தார். ஐயோ! கரண்ட் போனதில், காலையில் அழுத்திய பொத்தான் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அதை அவர் மறந்துவிட்டார். அவர் நிஜமான சியில், நான் பி ஃப்ளாட்டில். கிடாயே மிரண்டு பின்வாங்கியது. முன்வரிசையில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

பதினோரு வருடப் பழக்கம். என் இடது கை கீபோர்டைத் துரத்திக்கொண்டு இரண்டு கட்டம் நகரப் பார்த்தது. நகரவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். பாட்டு என்னிடம் இருந்தது, நான் ஏன் ஓடவேண்டும்? மாஸ்டர் கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். முத்து முத்தாக வியர்த்திருந்தது அவருக்கு.

"என்ன ஸ்கேலும்மா போற?" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் ஸ்கேல் கேட்டது அதுதான் முதல்முறை. "பி ஃப்ளாட்டு மாஸ்டர்! ரெண்டு எறக்குங்க!" என்று கத்தினேன். இறக்கினார். கிட்டார் டோனை எடுத்துவிட்டு, மெல்லிய சத்தத்தில் கார்டை மட்டும் அடியில் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தார். கடைசித் தட்டு உள்ளே வந்து, மாமன் மேடைப் படி ஏறி, பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும்வரை மாஸ்டர் என்னைத் தாங்கிக்கொண்டே வந்தார். நான் பாடிக்கொண்டே இருந்தேன்.

காது குத்தி முடிந்தது. பிள்ளைகள் அழுது முடிந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, தன் சீருக்கு நன்றாக வாசித்தவர்களுக்குத் தாய்மாமன் கையால் பொன்னாடை போர்த்துவார். மாமன் எங்களை நோக்கி வந்தார். கையில் இரண்டு பொன்னாடை.

"கிட்டாரு வாசிச்ச ரெண்டு பேரும் முன்னாடி வாங்க," என்றார். "வாசல்ல நிக்கயில கரண்டு போச்சுன்னதும் எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. ரெண்டு கிட்டாரும் என்னமா தூக்கி விட்டுச்சு! வாங்க வாங்க."

நான் மட்டும் முன்னால் போனேன். மாமன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னொருத்தரு எங்க? சாப்பிடப் போயிட்டாரா?"

இந்த வாயாடி வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இன்னொருத்தரு இல்லீங்க. ரெண்டும் எங்க தங்கச்சிதான். எங்க குழுவுல கிட்டாருக்கு இனிமே அதுதான்."

மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையில் இருந்த பொன்னாடைகளைப் பார்த்தார். "அப்ப ரெண்டையும் நீயே வாங்கிக்க ஆத்தா" என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திவிட்டார்.

ஆவணிப் புழுக்கம். ஜெனரேட்டரில் மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது. சாப்பாட்டுக்கு முன் இன்னும் நான்கு பாட்டு பாக்கி. "கழட்டி வச்சிட்டு வாசியேன், ஊத்துது பாரு" என்றார் வீட்டுக்காரர். கிட்டார் வாரைச் சரியாக இழுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பொன்னாடையோடும் நான்கு பாட்டையும் வாசித்து முடித்தேன்.